போதையில் சிக்கிய பெண்ணும் கேள்வி கேட்ட செவிலியரும்

அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்குள்ள அரசு மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் பிரசவத்துக்கு வந்த ஏழைப் பெண்களுக்கு 1989-இல் நேர்ந்ததை இன்று படித்தாலும் மனம் பதறுகிறது. கர்ப்பிணிகளின் சிறுநீரை உரிய சம்மதம் பெறாமல் கொகெய்ன் சோதனைக்கு அனுப்பினார்கள். போதைப்பொருள் இருப்பதாகத் தெரிந்தால் தகவல் காவல் துறைக்குப் போனது. பிள்ளை பெற்ற ரத்தப்போக்கு நிற்பதற்குள் கைவிலங்கு மாட்டி அழைத்துச் செல்லப்பட்ட தாய்மார்கள் உண்டு. கைதான 30 பெண்களில் ஒருவரைத் தவிர அத்தனை பேரும் கறுப்பினத்தவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சம்மதமில்லாமல் அப்படிச் சோதிப்பது அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு வந்தபோது ஆண்டு 2001.

இந்தத் திட்டத்துக்கு விதை போட்டவர் அதே மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுச் செவிலியர் ஒருவர். கொகெய்ன் பயன்படுத்தும் கர்ப்பிணிகளை வேறோர் ஊரில் போலீஸ் கைது செய்வதாகச் செய்தியில் கேட்டு, அதை மேலிடத்துக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆலோசனை சொல்லியும் சிகிச்சைக்கு அனுப்பியும் நிலைமை மாறவில்லையே என்ற ஆற்றாமை அந்தப் பிரிவில் இருந்தது. ஆனால், அந்த ஆற்றாமை போலீஸைக் கூப்பிட்டதும் செவிலியரின் வேலை தடம் மாறிவிட்டது. நோயாளியின் உடலிலிருந்து எடுத்தது அவருக்கு எதிரான சாட்சியமாயிற்று.

அதே 1989-இல், அதே நாட்டின் மறுகோடியில், இன்னொரு செவிலியர் வேறு வகையில் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் அடலின் நியாமதி. லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகச் செவிலியர் கல்லூரியின் ஆய்வாளர். வறுமை, வீடின்மை, போதை, வன்முறை எல்லாம் சேர்ந்து அழுத்தும்போது ஒரு மனிதர் தன் உடல்நலத்தை எப்படித் தேடுகிறார், எது அவரைத் தாங்குகிறது, எது தடுக்கிறது என்பதை விளக்கும் கோட்பாட்டுச் சட்டகம் ஒன்றை அந்த ஆண்டு செவிலியர் ஆய்விதழில் வெளியிட்டார். ‘இந்தப் பெண் ஏன் திருந்தவில்லை’ என்று கேட்டால் பதில் ஒரு திசையில் போகும். ‘இந்தப் பெண் மறுபடி நம்மிடம் வர எது தடையாக இருக்கிறது’ என்று கேட்டால் இன்னொரு திசையில் போகும். இரண்டாவது கேள்வியைத்தான் அடுத்த முப்பதாண்டுகளுக்கு அவர் விடாமல் கேட்டார்.

அப்படிக் கேட்க ஒரு செவிலியருக்கு இடம் கிடைத்ததே அப்போதுதான். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் கூட்டமைப்பில் செவிலியர் ஆய்வுக்கென்று தனி மையம் வேண்டும் என்ற சட்டத்தை அதிபர் ரீகன் தடுத்தார். நாடாளுமன்றம் அவருடைய தடையை மீறி அதை நிறைவேற்றியது. 1986-இல் மையம் திறந்தது. 1993-இல் அது முழு நிறுவனமாக உயர்ந்தது. மருத்துவப் பரிசோதனைகளில் பெண்களையும் சேர்த்தாக வேண்டும் என்று சட்டம் வந்ததும் அதே 1993-இல்தான். அதுவரை, 1977-இல் வந்த ஒரு வழிகாட்டுதலைக் காட்டி, கருத்தரிக்கும் வயதுப் பெண்களை மருந்துகளின் தொடக்கநிலைச் சோதனைகளிலிருந்து ஒதுக்கியே வைத்திருந்தார்கள். குடியும் போதையும் பெண்ணுடலை என்ன செய்கின்றன என்பது சரியாகத் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். பெண்ணின் உடலில் நீர்ச்சத்தின் பங்கு குறைவு; மதுவை வயிற்றிலேயே சிதைக்கும் நொதியும் குறைவு. அதனால் ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் மது கூடுதலாக ஏறுகிறது. முதல் கோப்பையிலிருந்து அடிமை நிலைக்கு வந்துசேரும் காலமும் பெண்களுக்குக் குறுகியது. உடல் விரைவாகச் சிதைகிறது. சிகிச்சைக்கு வருவதோ தாமதமாகிறது. பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயமும் ஊர் வாயும் அந்தத் தாமதத்துக்குப் பின்னால் இருக்கின்றன.

தெருவில் நடந்த ஆய்வு

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நடுவே ஸ்கிட் ரோ என்று ஒரு பகுதி. ஐம்பது தெருக்கட்டங்கள் அளவுள்ள அந்த இடத்தில் ஆயிரக்கணக்கானோர் நடைபாதையிலும் கூடாரத்திலும் காப்பகத்திலும் காலம் தள்ளுகிறார்கள். அங்கே தனியாக இருக்கும் பெண்ணுக்கு இரவு என்பது ஆபத்து. பாதுகாப்புக்காக ஓர் ஆணோடு ஒட்டிக்கொண்டு, அவன் ஏற்றிக்கொள்ளும் ஊசியைத் தானும் ஏற்றிக்கொண்டு நோய் வாங்கியவர்கள் பலர். நியாமதியின் குழு இந்தப் பெண்களிடம் எய்ட்ஸ் தடுப்பு பற்றிப் பேசத் தொடங்கியது. பிறகு காசநோய், மஞ்சள் காமாலை, மது என்று ஆய்வு விரிந்தது.

வெளிப்பார்வைக்கு எளிதாகத் தெரியும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: ஹெபடைடிஸ் தடுப்பூசி. ஊசியால் போதை ஏற்றிக்கொள்பவருக்கு அது உயிர்காப்பு. மூன்று தவணை போட வேண்டும். வழக்கமான அட்டவணைப்படி மூன்றாவது ஊசி ஆறாம் மாதம். வீடுள்ளவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. இன்று ஒரு காப்பகத்தில், நாளை ஒரு நண்பரின் காரில், மறுவாரம் சிறையில் இருக்கும் பெண்ணை ஆறு மாதம் கழித்து எங்கே போய்த் தேடுவது? அதனால் முதல் நாளே செவிலியர் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்கிறார்: மதியச் சாப்பாடு எங்கே, இரவு எங்கே படுப்பீர்கள், உங்களை அடையாளம் தெரிந்தவர் யார், அம்மாவோ அக்காளோ எந்த ஊரில்? ஊசி நாள் வந்தும் ஆள் வரவில்லை என்றால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தேடிப் போகிறார்கள். பின்னாளில் மூன்று தவணையும் ஒரு மாதத்துக்குள் முடியும் விரைவு அட்டவணையையும் இந்தக் குழு பயன்படுத்தியது. வாழ்க்கைக்கு ஏற்ப அட்டவணையை வளைப்பது எப்படி என்பதைத் தெருவில் வேலை பார்த்தவர்கள்தான் கற்றுத்தர முடியும்.

அன்போடு நடத்தினால் நோயாளி திரும்பி வருவார் என்பதை எல்லாச் செவிலியரும் சொல்வார்கள். நியாமதி அதை எண்ணிக் காட்டினார். உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கிடக்கும் வீடற்றோரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் ஒரே மாத்திரை, ஆறு மாதம், செவிலியர் கண்முன்னே விழுங்க வேண்டும். வந்ததற்குச் சிறு ஊக்கத்தொகை. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக, தொடர்ந்து பேசிப் புரியவைத்து, தேவைப்பட்ட உதவிக்கு வழிகாட்டி, வராவிட்டால் தேடிப்போகும் செவிலியர். 2006-இல் வெளியான முடிவு இது: செவிலியர் தொடர்ந்து கவனித்த பிரிவில் 62 விழுக்காட்டினர் சிகிச்சையை முடித்தார்கள். மற்றதில் 39. மாத்திரை ஒன்றுதான்; அந்த 23 விழுக்காட்டுப் புள்ளி வித்தியாசம் செவிலியரின் உழைப்பு. ‘நர்ஸம்மா நல்லா பார்த்துக்கிட்டாங்க’ என்று நாம் நன்றி சொல்லி மறந்துவிடும் ஒன்றுக்கு இங்கே அளவு கிடைத்தது. மருந்துக்குப் பலன் இருப்பதைப் போலக் கவனிப்புக்கும் பலன் இருக்கிறது என்று நிதித் துறைக்குக் காட்ட இந்த எண் போதும்.

எல்லா ஆய்வும் இப்படி வெற்றிக்கொடி நாட்டவில்லை. அதை மறைக்காமல் வெளியிட்டதில்தான் எனக்கு அவர்மீது மதிப்பு கூடுகிறது. வீடற்ற பெண்களிடையே மூன்று விதமான எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களை ஒப்பிட்டார்கள். சக பெண்கள் நடத்தியது ஒன்று, செவிலியர் நடத்தியது ஒன்று, வழக்கமானது ஒன்று. மூன்றுமே பலன் தந்தன; செவிலியர் நடத்தியது தனித்து முந்தவில்லை. ஹெராயின் பழக்கத்துக்கு மாற்று மருந்தாகத் தரும் மெத்தடோன் சிகிச்சையில் இருந்துகொண்டே குடித்தவர்களிடம், செவிலியர் நடத்திய ஈரல் நலக் கல்வியையும் பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகர்கள் நடத்திய ஊக்க நேர்காணலையும் ஒப்பிட்டபோது, குடியைக் குறைப்பதில் செவிலியர் பின்தங்கவில்லை. பின்னர் சிறையிலிருந்து வெளிவந்த வீடற்ற பெண்களோடு வேலை செய்தார். 2017-இல் அதே பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகச் செவிலியர் கல்லூரிக்கு முதல் முதல்வரானார். கல்லூரித் தலைமைக்கு வரும் வரை தெருவோரத்து மனிதர்களை விட்டு விலகாத ஒரு பணிவாழ்க்கை அது.

தொட்டிலருகே

போதைப் பழக்கமுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தையிடமும் இதே பாடம் இருக்கிறது. தாயின் ரத்தம் வழியே ஹெராயின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகைப் பொருள் வந்துகொண்டிருந்து, தொப்புள்கொடி வெட்டியதும் சட்டென்று நின்றுவிடுகிறது. குழந்தை நடுங்கும், கீச்சென்று அழும், அடிக்கடி தும்மும், பால் குடிக்காது, தூங்காது. ஃபிலடெல்ஃபியா மருத்துவர் லொரெட்டா ஃபினகன் 1975-இல் இதற்கொரு மதிப்பெண் பட்டியல் தந்தார். செவிலியர் சில மணிக்கு ஒருமுறை இருபதுக்கு மேற்பட்ட அறிகுறிகளைப் பார்த்துக் கூட்டுவார். மதிப்பெண் எட்டோ அதற்கு மேலோ நீடித்தால் மார்ஃபின் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய முன்னேற்றம். பல குழந்தைகள் பிழைத்தன.

ஆனால் பட்டியலை நிரப்பக் குழந்தையை எழுப்ப வேண்டும், துணியைப் பிரிக்க வேண்டும், கீழே கிடத்தி நடுக்கத்தைப் பார்க்க வேண்டும். நல்ல குழந்தையையே அப்படிச் செய்தால் வீறிட்டு அழும். அந்த அழுகைக்கும் மதிப்பெண்! தாய் பெரும்பாலும் பக்கத்தில் இல்லை. குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் வெளிச்சத்திலும் இரைச்சலிலும் கிடக்கும். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் யேல் மருத்துவமனையில் குழந்தை மருத்துவர்களும் செவிலியரும் சேர்ந்து இதைத் தலைகீழாக்கினார்கள். மூன்றே கேள்விகள்: குழந்தை போதிய அளவு குடிக்கிறதா, ஒரு மணி நேரமாவது தூங்குகிறதா, அழுதால் பத்து நிமிடத்துக்குள் சமாதானமாகிறதா? ஆம் என்றால் மருந்து வேண்டாம். இல்லை என்றால் முதல் சிகிச்சை தாயின் மடி, தாய்ப்பால், மங்கிய வெளிச்சம், இறுகச் சுற்றிய துணி. 26 மருத்துவமனைகளில் 1,305 குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. பழைய முறையில் வீடு திரும்பத் தயாராக ஏறத்தாழ 15 நாள். புதிய முறையில் 8 நாள். பழைய முறையில் பாதிக் குழந்தைகளுக்கு மருந்து தேவைப்பட்டது. புதிய முறையில் ஐந்தில் ஒன்றுக்கு.

தாயைக் குற்றவாளியாகப் பார்த்த வரை அவளைத் தொட்டிலிலிருந்து விலக்கிவைத்தார்கள். அவளையே மருந்தாகக் கருதியதும் குழந்தை சீக்கிரம் வீடு போகிறது. பதினைந்து நாள் எட்டானதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

மருந்து விஷயத்திலும் செவிலியர்தான் அடைப்பை எடுத்துவிட்டார்கள். ஓபியாய்டு அடிமைத்தனத்துக்குப் புப்ரெனார்ஃபின் நல்ல மருந்து, கர்ப்பிணிகளுக்கும் பொருந்தும். தாய் மெத்தடோன் எடுத்த குழந்தைகளைவிட, தாய் புப்ரெனார்ஃபின் எடுத்த குழந்தைகளுக்கு மிகக் குறைந்த மார்ஃபினே தேவைப்பட்டது என்று 2010-இல் ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. ஆனால் அமெரிக்காவில் அதை எழுதித்தரத் தனி அனுமதி பெற்ற மருத்துவரால் மட்டுமே முடியும் என்று சட்டம் இருந்தது. மருத்துவர்களோ நேரமில்லை என்றார்கள். பாஸ்டன் மருத்துவ மையத்தில் காலீன் லபெல் என்ற செவிலியர் 2003-இல் ஒரு வழி கண்டார். மதிப்பீடு, மருந்து தொடங்கும் நாளின் கண்காணிப்பு, வாராந்திரச் சந்திப்பு, நள்ளிரவுத் தொலைபேசி எல்லாம் செவிலியர் பொறுப்பு. மருத்துவர் எழுதித்தந்தால் போதும். மாசசூசெட்ஸ் மாநிலம் முழுக்க அந்த முறை பரவியது. உயர்நிலைச் செவிலியரே அந்த மருந்தை எழுதலாம் என்று 2016-இல் சட்டம் மாறியது. 2022 இறுதியில் தனி அனுமதி என்ற முட்டுக்கட்டையே நீங்கியது.

பிரசவத்தோடு கடமை முடிந்தது என்ற நினைப்பு இன்னும் மாறவில்லை. போதைப்பொருளை அளவுக்கு மீறி எடுத்துவிடும் ஆபத்து, பிரசவத்துக்குப் பின் 7 முதல் 12 மாதங்களுக்குள் உச்சத்தைத் தொடுகிறது என்று மாசசூசெட்ஸ் தரவுகளைக் கொண்டு 2018-இல் வந்த ஆய்வு சொல்கிறது. குழந்தைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள் தனித்துவிடப்படும் காலம் அது. ஆறாவது வாரத்தில் தாயின் சீட்டை மூடிவிடும் மருத்துவமனைக்கு அவள் எங்கே போனாள் என்று தெரியாது.

நெல்லூரும் நாமும்

நியாமதியின் ஆய்வு நம் பக்கத்து வீட்டுக்கும் வந்தது. ஆந்திரத்தின் கிராமப்புறங்களில் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்காக அவர் ‘ஆஷா’ எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு ஒரு திட்டம் வகுத்தார். இங்கே சிக்கல் போதை இல்லை. ஆனால் தடைகள் எல்லாம் ஸ்கிட் ரோவில் பார்த்தவைதான். பஸ்ஸுக்குக் காசில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, கூட்டு மருந்து மையத்தின் வாசலில் யாராவது பார்த்துவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. அதே ஊர்க்காரியான ஆஷா, அந்தப் பெண்ணோடு மருத்துவமனைக்கு நடந்தார், மாத்திரையை நினைவூட்டினார், பருப்பு வகைகள் போன்ற புரத உணவு வீட்டுக்கு வந்தது. சிறிய அளவில் செய்த முதல் ஆய்வில் மாத்திரை ஒழுங்காயிற்று, எதிர்ப்புச் சக்தி ஏறியது, மனச்சோர்வு தணிந்தது. பிறகு நெல்லூர் மாவட்டத்தில் 600 பெண்களைக் கொண்டு விரிவாக நடத்தினார்கள். நெல்லூர் சென்னையிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத் தொலைவுதான். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நம் ஊரில் மதுவைப் பற்றிப் பேசும்போது பெண் என்றால் குடிகாரனின் மனைவி, குடிகாரனின் தாய். அந்தக் கண்ணீர் உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தானே பழக்கத்தில் சிக்கிய பெண் நம் பேச்சில் எங்குமே இல்லை. 2019-இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பில் மது அருந்தும் ஆண்கள் 27.3 விழுக்காடு, பெண்கள் 1.6 விழுக்காடு. குறைவுதானே என்று தள்ளிவிடுகிறோம். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்று அதே கணக்கெடுப்பு சொன்னது. வெளியே சொல்லவே முடியாத பெண்ணின் நிலை அதைவிட மோசமாகத்தான் இருக்கும். இதில் புகையிலையைச் சேர்க்கவில்லை. 2016-17 கணக்குப்படி இந்தியப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் மெல்லும் புகையிலை உள்ளிட்ட புகையில்லாப் புகையிலை பயன்படுத்துகிறார்கள். களத்துமேட்டிலும் சித்தாள் வேலையிலும் பசியை மறக்கக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்ளும் அந்தத் துண்டை யாரும் போதை என்று சொல்வதில்லை. கர்ப்பக் காலத்தில் அதைப் பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்ததை மும்பையில் நடந்த ஓர் ஆய்வு 2004-லேயே காட்டியிருக்கிறது.

இதை யார் கேட்பது? ஐந்து நிமிடத்தில் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாக வேண்டிய மருத்துவர் கேட்க மாட்டார். மாமியாரும் கணவனும் வெளியே போன ஒரு நிமிடத்தில், ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டே, ‘வெத்தலை பாக்கு போடுவியாம்மா? கூட பொகையில வைப்பியா?’ என்று கேட்க முடிந்தவர் கிராம சுகாதாரச் செவிலியர். பதிலைக் கேட்டு முகம் சுளிக்காமல் இருக்கத் தெரிந்தவரும் அவர்தான். சட்டமும் அவர் பக்கம் இருக்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவில் சிக்கியவர் தாமே சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பையும் அந்தச் சட்டம் மனநோய்க்குள் சேர்க்கிறது. சார்ல்ஸ்டன் தாய்மார்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பு நம்மிடம் எழுத்தில் இருக்கிறது. அதை அறிந்த பெண்கள் எத்தனை பேர்?

செவிலியருக்கான பட்டப்படிப்பு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது 1946-இல். செவிலியர் முனைவர் பட்டத்துக்கென்று தேசியக் கூட்டமைப்பு 2005-இல் வந்தது. படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முனைவர் பட்டம் பெற்ற செவிலியருக்கு வகுப்பறைதான் வாய்க்கிறது. வார்டில் நிற்பவருக்கு ஆய்வு செய்ய நேரமும் இல்லை, பணமும் இல்லை. அரசு மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்காக ஒப்பந்தத்தில் இருக்கும் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார வேண்டியிருக்கிறது. நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவர், ஒரு பெண்ணை ஆறு மாதம் பின்தொடரும் ஆய்வை எப்படித் தொடங்குவார்? நியாமதிக்கு முப்பதாண்டுகள் கிடைத்தன. லபெலுக்கு ஒரு மாநில அரசின் ஆதரவு கிடைத்தது.

தமிழக அரசிடம் கேட்பது அதிகமில்லை. ஒப்பந்தச் செவிலியரை நிரந்தரமாக்குங்கள். ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஆய்வுக்கென்று பணிநேரம் ஒதுக்கிய செவிலியர் பணியிடங்களை உருவாக்குங்கள். போதை மீட்பு மையங்களில் பெண்களுக்கு, குழந்தையோடு தங்கும் படுக்கைகளை ஒதுக்குங்கள். கர்ப்பிணி சொல்லும் உண்மை காவல் நிலையத்துக்குப் போகாது என்பதை மருத்துவமனைச் சுவரில் தமிழில், பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.